சனிக்கிழமைப் படம்

பார்த்த படத்தையே ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். கேட்கிறவர்கள் எல்லாம் கதைக்காகப் படம் பார்ப்பவர்கள். கதை தெரிந்துவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். கோயிலுக்கு ஒரு தடவை போய்விட்டு, சாமியைப் பார்த்தாகிவிட்டது, இனி எதற்கு என்று யாராவது நிறுத்திக்கொள்கிறார்களா? இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. வீட்டுக்கு வந்தபிறகுதான் எல்லாப் பதிலும் தோன்றும். அப்படித் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பட்டுத்தறி நெய்கிறவன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் முதலாளியின் தறிக்கூடத்தில் ஐந்து தறிகள். சுவரில் ஒரு அலமாரித் தட்டு அடித்து அதன்மேல் ஸ்பீக்கர் பெட்டி வைத்திருந்தோம். காலையில் யாராவது ஒருவர் செல்போனில் படத்தைப் போட்டு, சத்தத்தை ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். எங்களுக்குப் படம் என்றால் காதில் விழுவதுதான். கால் தறிக்குழிக்குள் மிதியில் இருக்கும், கை ஊடை இழையைக் கொண்டுபோகிற நாடாவில் இருக்கும், கண் புடவையை விட்டு நகர முடியாது. காது ஒன்றுதான் வேலை இல்லாமல் இருக்கிறது.

அதனால் தறியில் எல்லாப் படத்தையும் போட முடியாது. வீட்டு டிவியில் பல தடவை பார்த்த படமாக இருக்க வேண்டும். கதவைத் தட்டுவது யார், அழுகிறவள் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள் என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் காது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும், கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தெரியாத படம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஒருமுறை பக்கத்துத் தறிக்காரர், அப்போதுதான் வந்திருந்த ஒரு படத்தை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து போட்டார். போலீஸ் படங்கள் என்றால் அவருக்கு உயிர். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவன் மாடிப்படி ஏறுகிறான். மேலே யார் இருக்கிறார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்தச் சத்தம் சரியாகக் கேட்கட்டும் என்று நாங்கள் ஐந்து பேரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, பலகையை மெதுவாக அடிக்கத் தொடங்கிவிட்டோம். ஊடை இழையை நெருக்கி அடிக்கிற பலகை அது. மெதுவாக அடித்தால் புடவை என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அடித்தோம். சாயங்காலம் முதலாளி தறி தறியாகக் குனிந்து பார்த்தார். ஐந்து புடவையிலும் குறுக்கே ஒரு பட்டை, கொசுவலை மாதிரி நெருக்கம் இல்லாமல் தெரிந்தது. ஒவ்வொருவரையும் முறைத்தார். கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, “மாடியில யார்தாம்பா இருந்தான்?” என்றார். அன்றிலிருந்து தறியில் புதுப் படம் கூடாது என்பது எங்கள் சட்டம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை தறிக்கு ஒரு நாள். அந்தத் தறிக்காரர் போடுவதுதான் படம், மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. சனிக்கிழமை ராட்டைக்கு. ராட்டையில் உட்காருவது என் மனைவி. நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சிகளில் ஐந்து தறிக்கும் அவள்தான் நூல் சுற்றிக் கொடுக்கிறாள். அவள் கையிலிருந்து தார் வராவிட்டால் ஐந்து தறியும் நின்றுபோகும். சனிக்கிழமையை அவளுக்கு என்று யார் முதலில் சொன்னார்கள் என்று நினைவில்லை. அவள் கேட்கவில்லை. நியாயமாக இருந்தது, அப்படியே நடந்தது.

என் நாள் வியாழன். நான் போடுவது எப்போதும் ஒரே படம். சனிக்கிழமை அவள் போடுவதும் அதே படம். கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற ஒருவரின் கதை அது. ஊரில் எல்லாக் கல்யாணத்துக்கும் அண்டாவும் தவலையும் கொடுத்தவர், தன் மகள் கல்யாணத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், சமையற்கட்டில் போய்க் கரண்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பார். பெரிய நடிகர்கள் கிடையாது. படம் ஓடவும் இல்லை. முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இடம் வரும். எல்லோரும் போனபிறகு புருஷனும் பெண்டாட்டியும் மண்டபத்தின் பின்கட்டில் உட்கார்ந்து பாத்திரம் துலக்குவார்கள். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. முதன்முதலில் டிவியில் பார்த்தபோது அந்த இடத்தில் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். தறியில் உட்கார்ந்து எத்தனையோ தடவை கேட்டபிறகுதான் பிடிபட்டது. ஒருவர் தேய்க்கிற சத்தம் நின்றுவிடும். மற்றவர் தேய்ப்பது நிற்காது. நின்றுபோனவர் அழுகிறார் என்பதைப் படத்தில் யாரும் சொல்லவே இல்லை. கண்ணால் பார்த்தவரை எனக்கு அது தெரியவும் இல்லை.

அந்த இடம் வரும்போது மட்டும் நான் புடவையிலிருந்து கண்ணை எடுத்து ராட்டைப் பக்கம் பார்ப்பேன். அவளும் பார்ப்பாள். அவ்வளவுதான். வீட்டில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. அரிசி, கரண்ட் பில், மகள் வீட்டு நல்லது கெட்டது, இதற்கு மேல் பேச்சு நீளாது.

பக்கத்துத் தறிக்காரர் விடமாட்டார். “புருசன் வியாழக்கிழம கழுவுனது பத்தாதா? சனிக்கிழம பொண்டாட்டி வேற கழுவணுமா?” என்பார். அவள் ராட்டையை நிறுத்தாமலே பதில் சொல்வாள். “உன் போலீசு வாரம் பூரா சுட்டுக்கினே இருக்கிறானே, ஒரு டம்ளராவது கழுவுனானா?” கூடமே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும், குனிந்துகொள்வேன்.

இதையெல்லாம் கெடுத்தவர் முதலாளியின் மகன். சென்னையில் படித்துவிட்டு வந்து வியாபாரத்தைக் கையில் எடுத்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எங்களை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அவருக்குப் புடவை விற்றால் மட்டும் போதவில்லை, நெய்கிறவர்களையும் காட்ட வேண்டியிருந்தது. வேனில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெளிமாநிலத்துக்காரர்கள், சில நாள் வெளிநாட்டுக்காரர்கள். கோயில்களைப் பார்த்துவிட்டு, திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் கூரையில் வரைந்த சித்திரங்களைப் பார்த்துவிட்டு, அதே கண்ணோடு வந்து எங்களையும் பார்ப்பார்கள். அவர்கள் வரும்போது ஸ்பீக்கரில் சமையல்காரன் ஒருவன் மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காதாம். ஒரு நாள் காலையில் போனபோது ஸ்பீக்கரில் வீணை வாசித்துக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் வேறு வீணை. சாயங்காலம் வரை வீணைதான்.

வீணைமேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் நாள் முழுவதும் வீணை கேட்கிற நெசவாளியை நான் இந்த ஊரில் எங்கும் பார்த்ததில்லை. வேனில் வருகிறவர்களின் மனதில் ஒரு நெசவாளி இருக்கிறான். அவன் வாய் பேசமாட்டான், நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பான், காதில் வீணை ஒலிக்கும். அவனை அவர்களுக்குக் காட்டுவதற்காக எங்கள் படத்தை நிறுத்தினார்கள். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது என் தறி. ஒவ்வொரு வேனுக்கும் முதலாளி மகன் என்னைக் காட்டி, ஏழு தலைமுறையாக நெய்கிற குடும்பம் என்று சொல்வார். இங்கிலீஷில் சொல்வார். பக்கத்துத் தறிக்காரர்தான் எனக்கு அதன் அர்த்தத்தைச் சொன்னார். என் அப்பா வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினவர். ஐந்தாம் வகுப்போடு என்னைப் படிப்பிலிருந்து நிறுத்தி, தறி வேலை கற்றுக்கொள்ள அனுப்பியவரும் அவர்தான். எங்கள் குடும்பத்தில் நெய்கிற முதல் ஆள் நான். அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை. வெட்கப்பட்டவர் முதலாளி மகன்தான். அதனால் என் அப்பா முதுகில் இருந்த மூட்டையை இறக்கிவிட்டு ஆறு தலைமுறையை ஏற்றிவிட்டார்.

வீணை கேட்டுக் கேட்டுக் கூடத்தில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு காதில் விழுந்ததும் அவர் ஆளுக்கு ஒரு ஹெட்செட் வாங்கிக்கொண்டு வந்தார். வேன் வரும்போது மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள், மற்ற நேரம் அவரவர் விருப்பப்படி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். ஐந்து ஹெட்செட். ஐந்து தறி. ராட்டைக்கு இல்லை.

செலவைக் கணக்குப் போட்டு அவளை விட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அவர் கண்ணில் அவள் படவே இல்லை.

மற்றவர்களுக்குச் சந்தோஷம். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. முறைக்காகக் காத்திருக்க வேண்டாம், தினமும் தன் படம். பக்கத்துத் தறிக்காரர் வாரம் முழுவதும் போலீஸ் படம் போட்டுக்கொண்டார். கூடத்தில் ஒருவர் சிரிக்கும்போது இன்னொருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மற்றவருக்குத் தெரியாது, கேட்டாலும் காதில் விழாது. நான் ஒரு வியாழக்கிழமை ஹெட்செட்டை மாட்டிப் பாத்திரக் கடைப் படத்தைப் போட்டேன். துலக்குகிற இடம் வந்தது. தலையைத் தூக்கினேன். அவள் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் காதில் விழுந்தது வீணை. நான் ஹெட்செட்டைக் கழற்றித் தறிக்குழியின் ஓரத்தில் வைத்துவிட்டேன், பிறகு தொடவில்லை.

டீ குடிக்க வெளியே வந்தபோது முதலாளி மகனிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கேட்பதற்குள் டீ ஆறிவிட்டது.

“தம்பி, ராட்டைக்கு ஒண்ணு” என்றேன்.

“ராட்டைக்கு இன்னாணா?”

“ஹெட்செட்டு.”

“அக்காவுக்கு எதுக்குணா? ராட்ட சத்தத்துல அவங்களுக்கு இன்னா கேட்டிருக்கப் போவுது? சும்மா உக்காந்துக்கினு இருந்திருப்பாங்க.”

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அதற்காக என்மேலேயே எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ராட்டை சத்தத்தில்தான் அவள் அத்தனை வருஷமும் படம் கேட்டாள். ஒரு வசனம் வருவதற்கு முன்னாலேயே சிரிப்பாள். சமையல்காரன் எந்த இடத்தில் இருமுவான் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. இனிமேல் சனிக்கிழமையில் சீக்கிரமாகவே எல்லாத் தாரையும் சுற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடப் போவதாகச் சொன்னாள். அவ்வளவு லேசாகச் சொன்னாள். அவளுக்கு இருந்த ஒரே ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார்கள், அவள் வேலையைச் சீக்கிரம் முடிப்பதைப் பற்றி யோசிக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் கிளம்புவதற்குள் வேன் வந்துவிட்டது. நாங்கள் எழுந்திருக்கக் கூடாது, நெய்துகொண்டே இருக்க வேண்டும். வீணை ஓடியது. முதலாளி மகன் என்னைக் காட்டி ஏழு தலைமுறையைச் சொன்னார். வந்தவர்களில் ஒரு அம்மாவுக்கு ராட்டை பிடித்துவிட்டது. என் மனைவியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். கூட வந்தவர் போட்டோ எடுக்கக் கேமராவைத் தூக்கினார். எங்கள் ஆள் கேமராவை நேராகப் பார்த்துவிட்டாள். முகம் எப்போதும்போல் இருந்தது, வேலை செய்கிறவள் முகம்.

“அக்கா, கொஞ்சம் சிரிங்க” என்றார் முதலாளி மகன்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. இன்னொரு தடவை சிரிக்கச் சொன்னார். நான் நாடாவை வைத்துவிட்டுக் குழியிலிருந்து எழுந்துவிட்டேன். எழுந்தபிறகுதான் எழுந்தது தெரிந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“படத்தப் போடு தம்பி. அவ தானா சிரிப்பா” என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வந்தவர்கள் முதலாளி மகனிடம் நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டார்கள். அவர் ஏதோ சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ‘டீ’ என்ற சொல் காதில் விழுந்தது. ஏழு தலைமுறை நெசவாளி டீ குடிக்கப் போகிறார் என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் மிகுந்த மரியாதையோடு ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள். ராட்டைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து, தன் பையைத் திறந்து, ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். நல்ல மனசு அவருக்கு. வாழ்க்கையில் முதன்முதலாகக் கோபமாகப் பேசியிருக்கிறேன், என் கையில் பிஸ்கட் பாக்கெட். அதை அவர் முகத்தில் விசிறி எறிய முடியுமா? வாங்கிக்கொண்டேன். கும்பிடு வேறு போட்டேன்.

பிறகு ஸ்பீக்கர் இருந்த இடத்துக்குப் போய், பிஸ்கட்டை அலமாரித் தட்டில் வைத்தேன், வீணையை நிறுத்தினேன், என் போனை எடுத்துப் படத்தைப் போட்டேன். அவசரத்தில் விரல் எங்கே பட்டதோ அங்கிருந்து தொடங்கியது. சமையல்காரர்கள் இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைக் குறைக்க எனக்குத் தோன்றவில்லை. வேன் ஆட்கள் திடுக்கிட்டு, பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் ஆள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைக் கொஞ்சம் திறந்தபடி.

“அட, இன்னிக்கு சனிக்கிழமல்ல” என்றார் பக்கத்துத் தறிக்காரர்.

வந்தவர்கள் எதிரில் முதலாளி மகனால் கத்த முடியவில்லை. அவர்கள் போனபிறகும் கத்தவில்லை. என் தறிக்கு முன்னால் வந்தார். நான் பேசுவேன் என்றே தனக்குத் தெரியாது என்றார். வியாபாரம் எவ்வளவு கஷ்டம் என்று விளக்கினார். பிறகு சனிக்கிழமைகளில் வேன் வராமல் பார்த்துக்கொள்வதாகவும், அன்றைக்கு மட்டும் ஸ்பீக்கரில் படம் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். என் தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் முடிந்ததும் என்னை உள்பக்கத்துத் தறிக்கு மாற்றிவிட்டார். வாசல் தறியில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். ஏழு தலைமுறையும் அவருக்குப் போய்விட்டது.

மற்ற நாள்களில் இன்னும் வீணைதான், ஹெட்செட்தான். என் வியாழக்கிழமை திரும்பி வரவில்லை. பேசாமல் ஹெட்செட்டைக் காதில் திணித்துக்கொண்ட நால்வரையும் நான் மன்னிக்கவில்லை. எல்லோரும் ஒன்றாகக் கேட்டதை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு துண்டாகக் கொடுத்தார்கள், இவர்கள் பெரிய துண்டு கிடைத்ததுபோல் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் சனிக்கிழமையை வாங்கிவிட்டேன். அதை நினைத்தபோது மட்டும் கோபம் கொஞ்சம் அடங்கியது, அடுத்த சனிக்கிழமை வரை.

அடுத்த சனிக்கிழமை காலையில் அவள் தன் போனை எடுத்து ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டு ராட்டையில் போய் உட்கார்ந்தாள். நான் முதல் காட்சிக்காகக் காதைக் கொடுத்தேன். இரண்டு பெண்கள் சண்டை போடும் சத்தம் கேட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மெஸ் நடத்துகிற ஓரகத்திகள் இரண்டு பேரின் கதை. தொடங்கியதிலிருந்து ஒரே கூச்சல். ஏதோ தவறாகத் தொட்டுவிட்டாள் என்று நினைத்து அவளைப் பார்த்தேன். அவள் நூலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்திராத படம். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல், ஒவ்வொரு அடியையும் எண்ணி அடிக்கிறவன் மாதிரி நெய்தேன். மத்தியானத்துக்குள் தோள் வலி எடுத்துவிட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது, நம் படத்தை ஏன் போடவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அதற்காக அல்லவா நான் அத்தனை பேர் எதிரில் எழுந்து நின்றேன்.

“அது உங்க படம்ங்க” என்றாள். “அந்த எடத்துல நீங்க தலையத் தூக்கிப் பாப்பீங்க. அதுக்கோசரம் போட்டுக்கினு இருந்தேன்.”

“இப்ப இன்னா ஆச்சு?”

“இப்ப சண்ட போட்டு வாங்கின சனிக்கிழம. என் படத்தப் போட வேணாமா?”

இத்தனை வருஷமாக இந்தப் படத்தை எப்போது பார்த்தாய் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தூங்குகிறபோது டிவியில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பாளாம். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். யார்மேல் கோபப்படுவது என்று கூடத் தெரியாத கோபம் அது.

மறுநாள் மத்தியானம் தூங்காமல் உட்கார்ந்து அவளோடு அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிக்கவில்லை. பெரியவள் கத்தினால் சின்னவள் கத்துகிறாள். குழம்பு கொதிக்கிறது, மறுபடியும் கத்துகிறார்கள். அடுத்த ஞாயிறும் பார்த்தேன். அதற்கு அடுத்த ஞாயிறும். தறியில் கேட்க வேண்டும் என்றால் பார்த்துத்தான் ஆக வேண்டும். சாம்பார் வாளி கவிழ்கிற ஒரு இடம் இருக்கிறது. வாளி விழுவதற்கு வெகு நேரம் முன்னாலேயே அவள் சிரிக்கத் தொடங்கிவிடுகிறாள். ஒரு வாளி கவிழ்வதில் அப்படி என்ன இருக்கிறது என்று போன வாரம் எரிச்சலோடு கேட்டேன்.

“வாளியப் பாக்காதீங்க. வாளி விழறதுக்கு முன்ன சின்னவ மூச்ச இழுக்குறா பாருங்க, அதக் கேளுங்க” என்றாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மூச்சைக் கேட்டேன். இழுக்கத்தான் செய்கிறாள். ஆனால் எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.